பழைய புல்லட்டில் கிளட்ச் வழுக்கினால்...

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றிச் செல்லும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களை இன்றும் காணலாம். 1955-ல் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா கம்பெனி, சென்னை திருவொற்றியூரில் தயாரித்த வண்டிகளின் வழி வந்தவை இவை. வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உள்ள இந்த வண்டிகளில், முதலில் தேய்ந்துபோகும் பாகங்களில் ஒன்று கிளட்ச். விடியற்காலையில் பாலோடு வழியில் நின்றுவிட்டால், செலவு மெக்கானிக் கூலியோடு முடியாது, பாலும் திரிந்துபோகும்.

கிளட்ச் தேய்ந்ததை அறிவது எளிது. டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது என்ஜின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். இந்த வண்டியில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகவே என்ஜினுக்குப் போகிறது. எனவே உதைக்கும்போது என்ஜின் சுழலாமல் கிக்கர் மட்டும் இறங்கினாலும் அதே கோளாறுதான். இதற்கு மாறாக, லீவரைப் பிடித்தும் கியர் 'கடகட'வென்று விழுந்தால், அல்லது நியூட்ரல் கிடைக்காமல் போனால், பிளேட்டுகள் சரிவரப் பிரியவில்லை என்று கொள்ள வேண்டும்.

அறிகுறி கண்டவுடன் புதிய பிளேட் வாங்க ஓட வேண்டியதில்லை. முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். கைப்பிடி லீவரில் ஒரு நெல்மணியின் பருமன் அளவு, அதாவது 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை, தளர்வு இருப்பது அவசியம். கேபிள் இறுகியிருந்தால் பிளேட்டுகள் முழுதும் அழுந்தாமல் வழுக்கி, சூடேறித் தேயும். அட்ஜஸ்டரைச் சற்றுத் திருப்பினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். இதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது ஆயில். கார் என்ஜின்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கப்படுகிறது. அதைச் செயின் கேஸில் ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்கும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் கேஸைத் திறக்க வேண்டியதுதான். இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, அடியில் தட்டு வைத்து, நடுவிலுள்ள நட்டை எடுத்தால் மூடி வந்துவிடும். ஸ்பிரிங் திருகுகளைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றித் தளர்த்துவது நலம். பிளேட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கின் மேல் பரப்பி வைத்தால், திரும்பக் கோக்கும்போது குழப்பம் வராது.

உராய்வுப் பிளேட்டின் தடிமனைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரும்புப் பிளேட்டைக் கண்ணாடிமேல் வைத்தால் வளைவு தெரியும். நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்தது. ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி, குட்டையானவை இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது உத்தமம். டிரம்மின் பள்ளங்களில் பல் பதிந்த தடம் சிறிதாயின் அரத்தால் தேய்த்துவிடலாம். ஆழமாயின் டிரம்மையே மாற்ற வேண்டும்.

பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆகவே வாயால் ஊதுவதும், காற்றடித்துச் சுத்தம் செய்வதும், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

பூட்டும்போது ஸ்பிரிங் திருகுகளைச் சமமாக முடுக்க வேண்டும். லீவரைப் பிடித்துக் கிக்கரை அழுத்தினால், மேல் பிளேட் கோணாமல் எழும்பிச் சுழல வேண்டும். ஒருபுறம் கோணினால் அந்தப் பக்கத் திருகைச் சரிசெய்யலாம். பின்னர் மூடியின் ரப்பர் வளையத்தைச் சரிபார்த்து மூடி, அளவு திருகுவரை ஆயில் ஊற்றி, கேபிள் தளர்வை மறுபடி பார்க்க வேண்டும்.

கிளட்ச் நீடித்து உழைப்பது ஓட்டும் முறையில்தான் இருக்கிறது. ஏரிக்கரையிலும் வரப்போரப் பாதையிலும் பாரத்தோடு அரைக் கிளட்சில் ஊர்ந்து செல்வதே பிளேட்டுகளுக்கு எமன். முதல் கியரில் லீவரை முழுதும் விட்டு, ஆக்சிலேட்டரால் மட்டும் வேகத்தை ஆள வேண்டும். வண்டி சில நாள் நின்றிருந்தால், கிளம்புமுன் லீவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை உதைத்தால், ஒட்டிய பிளேட்டுகள் பிரிந்து கியர் சத்தமின்றி விழும்.