இறப்புச் சான்றுக்கும் வாழ்வுச் சான்றுக்கும் இடையே

2016 ஜூலை 22 அன்று காலை 8.30 மணிக்குத் தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 ரக விமானம், ஒரு மணி நேரத்துக்குள் வங்கக் கடலின் மேல் ரேடார் திரையிலிருந்து மறைந்தது. அதில் 29 பேர் இருந்தனர். கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக்கணக்கில் தேடின, எதுவும் அகப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில், அவர்கள் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாக விமானப் படை குடும்பங்களுக்குக் கடிதம் எழுதியது.

ஏழரை ஆண்டுகள் கழிந்தன. 2024 ஜனவரியில், சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் சிதைவுகளைப் படம்பிடித்திருந்த செய்தி வெளியானது. அப்பகுதியில் வேறு விமானம் காணாமல் போன பதிவில்லை என்பதால், அது அந்த விமானமாகவே இருக்கக்கூடும் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

கடிதம் 2 மாதங்களில் வந்தது. படம் வர ஏழரை ஆண்டுகள் ஆயின. கடிதத்தால் ஓய்வூதியக் கோப்பு நகர்ந்தது. மனம் நகர்வதற்கு அந்தப் படமாவது வேண்டியிருந்தது.

இந்தத் துயரத்துக்குப் பெயரிட்டவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். வியத்நாம் போரில் விமானத்துடன் காணாமல் போனவர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த அவர், இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். உடல் இல்லை, ஆகவே ஈமச்சடங்கு இல்லை. துக்கம் தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. நம் முன்னோரும் இதை அறியாதவர்கள் அல்லர். நெடுங்காலம் திரும்பாதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரியூட்டும் வழக்கம் பழைய சாத்திரங்களில் உண்டு. அழுவதற்கு ஓர் உருவமாவது தேவை என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

நான் உளவியல் அறிஞன் அல்லன். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். தேனாம்பேட்டையில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், அண்ணா சாலையில் மாநிலக் கணக்காயர் அலுவலகம் இருக்கிறது. என் ஓய்வூதிய ஆணை அங்கிருந்துதான் வந்தது. ஆண்டுக்கொரு முறை, நான் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று அளிக்கிறேன். நான் இறந்தால் என் மனைவி இறப்புச் சான்றிதழைக் கொடுப்பார். அரசின் பேரேட்டில் இந்த இரண்டு பத்திகளே உள்ளன. ஒரு காலையில் கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பித் திரும்பாத மனிதனை எந்தப் பத்தியில் எழுதுவது?

நம் சட்டம் சொல்லும் விடை, ஏழு ஆண்டுகள் பொறு என்பது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 111-ஆவது பிரிவாக அப்படியே தொடர்கிறது. இந்த ஏழாண்டுக் கணக்கு இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே, பாய்மரக் கப்பலில் போனவரிடமிருந்து மடல் வர மாதங்கள் ஆன காலத்தில், வழக்கில் இருந்தது. கைப்பேசியும் ஆதாரும் வந்த பிறகும் அந்த எண் மட்டும் அசையவில்லை.

ஏழாண்டு முடிந்தாலும் சிக்கல் முடிவதில்லை. கணவர் காணாமல் போன ஒரு பெண்ணின் ஆயுள் காப்பீட்டு வழக்கில் 2004-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: ஏழாண்டுகளுக்குப் பின் ஒருவர் இறந்துவிட்டதாகக் கருதலாமே தவிர, எந்த நாளில் இறந்தார் என்பதைச் சட்டம் தானாகக் கருதிக்கொள்ளாது. ஆகவே காப்பீடு நிலைக்க வேண்டுமானால், இடைப்பட்ட காலத்திலும் தவணை கட்டியிருக்க வேண்டும். சம்பாதித்தவர் போய்விட்ட வீட்டில், அவர் வரவில்லை என்ற கவலையோடு அவர் பெயரில் தவணையும் கட்டிவர வேண்டும்! சட்டத் தருக்கத்தில் பிழை காண முடியாது. அந்த வீட்டின் வரவு செலவுக் கணக்கில்தான் அது பொருந்தவில்லை.

எல்லோருக்கும் இதே நிலை என்றும் சொல்ல முடியாது. மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால், காவல் நிலையத்தில் புகார் பதிவாகி 6 மாதங்களுக்குப் பின், தேடியும் கிடைக்கவில்லை என்ற காவல் துறை அறிக்கையையும் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் கொடுத்துக் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். 2004 ஆழிப்பேரலையில் உடல் கிடைக்காதவர்களுக்கும், 2017 ஒக்கிப் புயலில் திரும்பாத கன்னியாகுமரி மீனவர்களுக்கும் ஏழாண்டு விதி தளர்த்தப்பட்டது. பலர் ஒருசேரக் காணாமல் போனாலோ, அரசுப் பணியில் இருந்தாலோ வழி பிறக்கிறது. தனியாகக் காணாமல் போகும் கொத்தனாருக்கும் இரவுக் காவலாளிக்கும் அந்த வழி இல்லை. அவர் மனைவி கைம்பெண் உதவித்தொகை கேட்டால் கணவரின் இறப்புச் சான்று வேண்டும். வீட்டுப் பத்திரத்தை மாற்றக் கணவரின் கையெழுத்து வேண்டும்.

என்னிடம் படித்த ஒரு பெண், தந்தை காணாமல் போன சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு விண்ணப்பத்தை நிரப்ப உதவி கேட்டு வந்தார். 'இறந்த தேதி' என்ற கட்டம் வரை எல்லாவற்றையும் தானே எழுதியிருந்தார். "இதை நான் எழுதினால், அம்மா என்னோடு பேச மாட்டார், ஐயா" என்றார். பணத்துக்காகத் தந்தையைக் கொன்றுவிட்டதாக அந்தத் தாய் நினைப்பார் என்ற அச்சம்.

இலங்கை இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது. அங்கு 2016-இல் இயற்றப்பட்ட சட்டத் திருத்தம், காணாமல் போனவரை இறந்தவர் என்று சொல்லாமல், அவர் இல்லாமையை மட்டும் பதிவு செய்யும் சான்றிதழுக்கு வழி செய்தது. அதைக் கொண்டு உதவித்தொகை கோரலாம், சொத்தைப் பராமரிக்கலாம். அதனால் நீதி கிடைத்துவிட்டதென்று பொருளில்லை. போரின் இறுதியில் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பு அமர்ந்த தாய்மாரின் கேள்விக்குச் சான்றிதழ் விடையாகாது. காத்திருந்தே இறந்துபோன பெற்றோரும் பலர். அங்கே குற்றச்சாட்டு அரசின் மீதே இருக்கிறது. நம் குடும்பங்களின் நிலை வேறு. ஆனால், 'இறந்தார் என்று எழுதிக் கொடு, பிறகு உதவுகிறேன்' என்று கேட்காத ஒரு தாள் இரு கரையிலும் ஒரே அளவு பயன்படும்.

ஏமாற்று பெருகும் என்பார்கள். காவல் துறை அறிக்கையும் ஈட்டுறுதிப் பத்திரமும் அரசு ஊழியர் விஷயத்தில் போதுமானவையாக இருக்கும்போது, கொத்தனார் விஷயத்தில் ஏன் போதாது? புகார் பதிவான ஓராண்டில் வட்டாட்சியரே இத்தகைய சான்றை வழங்கலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். காணாமல் போனவர் ஒரு நாள் வாசலில் வந்து நின்றால், அதை ரத்து செய்ய ஒரு கையெழுத்து போதும். இறப்புச் சான்றை ரத்து செய்ய அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.