புதிய நுரையீரலும் நலிந்த உடலும்

கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்வது நமக்கு விளையாட்டு. நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிக்கோ அது கடினமான தேர்வு. மருத்துவர்கள் அத்தேர்வை ஏன் வைக்கிறார்கள் என்று பார்ப்போமா?

1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக ஒரு மனிதருக்கு வேறொருவரின் நுரையீரலைப் பொருத்தினார். நுரையீரல் வேலை செய்தது. ஆனால் சிறுநீரகங்கள் செயலிழந்து 18ஆம் நாளில் நோயாளி இறந்தார். நெடுநாள் வாழவைத்த முதல் வெற்றியை 1983இல் கனடாவின் டொரான்டோ நகரில் டாக்டர் ஜோயல் கூப்பர் குழுவினர் கண்டனர். புதிய நுரையீரல் மட்டும் போதாது, அதைத் தாங்கும் உடலும் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

நலிவு என்றால் என்ன? 2001இல் டாக்டர் லிண்டா ஃபிரைட் குழுவினர் முதியோரை ஆராய்ந்து ஐந்து அடையாளங்களைக் கூறினர்: காரணமின்றி எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி வலுவின்மை, நடைத் தளர்ச்சி, உடலுழைப்புக் குறைவு. இவற்றுள் மூன்று இருந்தால் அது நலிவு. நுரையீரல் நோயாளிகளில் வயது குறைந்தவர்களும் நலிந்துபோகிறார்கள். மூச்சு வாங்குவதால் நடையைக் குறைக்கிறார்கள். நடை குறைவதால் தசை மெலிகிறது. தசை மெலிவதால் மேலும் மூச்சு வாங்குகிறது.

சமநிலையோடு நிற்பது, நான்கு மீட்டர் நடப்பது, நாற்காலியிலிருந்து எழுவது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 12 மதிப்பெண்கள். ஏழும் அதற்குக் கீழும் பெறுவோர் நலிந்தவர்கள். இத்தகையோர் காத்திருக்கும் காலத்திலும் சிகிச்சைக்குப் பின்னும் இறக்கும் ஆபத்து அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன.

அப்படியானால் நலிந்தவரை ஒதுக்கிவிடலாமா? தானமாகக் கிடைக்கும் நுரையீரல்கள் மிகச் சிலவே. அவை வீணாகக் கூடாது என்பதும் நியாயமே. ஆனால் நலிவு மாறக்கூடியது. முறையான உடற்பயிற்சியாலும் சத்துணவாலும் பலர் சிகிச்சைக்கு முன்பே வலுப்பெறுகிறார்கள். நோயுற்ற நுரையீரலே நலிவுக்குக் காரணமாயிருந்தால், புதிய நுரையீரல் வந்தபின் அது குறைவதும் உண்டு.

மதிப்பெண் குறைந்த மாணவியை நம் ஆசிரியைகள் வகுப்பைவிட்டு அனுப்புவதில்லை. அருகில் அமர்த்திக் கூடுதலாகக் கற்பிக்கிறார்கள். நாற்காலித் தேர்வின் மதிப்பெண்ணும் அத்தகையதே. யாரைத் தள்ளுவது என்று கேட்பதைவிட, யாரை முதலில் தாங்கிப்பிடிப்பது என்று கேட்பதே சிறந்தது. இறைவன் தந்த மூச்சைக் காக்கும் மருத்துவத்திற்கு அதுவே அழகு!