குருநகருக்குப் போவதானால் விடியற்காலையில் போங்கள்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறவர்கள் கோட்டை, நூலகம், நல்லூர் என்று சுற்றிவிட்டு நயினாதீவுக்குப் படகேறுகிறார்கள். பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய குருநகர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வருவதில்லை. முன்பு கரையூர் என்று அழைக்கப்பட்ட இந்தக் குறிச்சி, நகரத்துக்கு மீன் கொடுத்த கடற்றொழிலாளர்களின் இடம்.

போவதானால் விடியற்காலையில் போக வேண்டும். இரவுத் தொழில் முடித்த வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம் அது. நண்டும் இறாலும் கூடைகளில் இறங்கும், ஏலம் கூறும் சத்தம் கேட்கும். பிந்திப் போனால் வலை தைத்துக்கொண்டிருப்பவர்களைத்தான் காணலாம். இங்குள்ள கடல்நீரேரி ஆழம் குறைந்தது. அதனால்தான் தடிகளை நட்டு, வலை கட்டி, இறாலை மறிக்கும் களங்கண்டித் தொழில் இங்கே நிலைத்தது.

இறங்குதுறையில் நின்று மேற்குப் பக்கம் பாருங்கள். தெரிவது மண்டைதீவு. 1986 யூன் 10 ஆம் திகதி அந்தக் கடலில் தொழிலுக்குப் போயிருந்த 31 பேர் கடற்படையினரால் படுகொலை செய்யப்பட்டார்கள். அது நடந்த இடம் கடல் என்பதால், போய் நின்று பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. தெரியாதவருக்கு அது வெறும் தண்ணீர்தான்.

இதே நீரேரியின் தென்கரையில் பூநகரி இருக்கிறது. குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையிலான இந்த நீர்ப்பரப்பு யுத்தகளமானதால், அதை நம்பி வாழ்ந்தவர்கள்மீதே கட்டுப்பாடுகளும் முதலில் விழுந்தன. எந்த நேரம் போவது, எவ்வளவு தூரம் போவது, எத்தனை குதிரைவலு இயந்திரம் பூட்டுவது என்பதெல்லாம் ஒரு தொழிலாளியின் கையில் இல்லாமல் போயின. நோர்வே உதவியுடன் வளர்ந்த சீநோரின் வலைத் தொழிற்சாலையும் யுத்தத்தில் முடங்கியது.

உள்ளே நடந்தால் புனித யாகப்பர் ஆலயம். 1993 நவம்பர் 13 ஆம் திகதி, பூநகரியில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, விமானப்படை வீசிய குண்டில் அது சிதைந்தது, மக்களும் கொல்லப்பட்டார்கள். இப்போது நீங்கள் காண்பது அதன்பின் திருத்தி எடுக்கப்பட்ட ஆலயம். இரண்டு வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி தொடங்கிய பெரும் இடப்பெயர்வு. நகையையும் உறுதியையும் மடியில் கட்டிக்கொண்டு போகலாம். வள்ளத்தை எப்படிக் கொண்டுபோவது? 1996 இல் திரும்பியவர்கள் பலருக்குத் தொழிலை முதலில் இருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

இன்றைய குருநகரில் எல்லாம் ஒரே குரல் என்று நினைத்துவிடாதீர்கள். இந்திய இழுவைப் படகுகளால் வலைகளை இழந்தவர்கள் வடக்கின் கரையெங்கும் இருக்கிறார்கள். அதே வேளை உள்ளூர் இழுவைப் படகுகள் சிலவும் குருநகரிலிருந்துதான் புறப்படுகின்றன. அடிமட்ட இழுவை முறையைத் தடைசெய்து 2017 இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சிறுதொழிலாளர்களின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் கடன்பட்டு இழுவைப் படகு வாங்கியவருக்கு மாற்றுத்தொழில் என்ன என்ற கேள்வியும் அந்தத் துறையிலேயேதான் நிற்கிறது.

யாகப்பர் திருநாள் யூலை 25. அந்த நாட்களில் வந்தால், வெளிநாடுகளுக்குப் போன குருநகர் ஆட்களையும் சந்திக்கலாம். மற்ற நாட்களில் வருகிறவர்கள் படம் எடுக்கமுன் ஒரு வார்த்தை கேளுங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம். ஏலத்தில் நிற்பவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றால், சற்று நேரத்தில் யாராவது தாங்களாகவே கதைக்கத் தொடங்குவார்கள்.