பந்திக்கு முந்து... பாட்டிலுக்குப் பிந்து!

சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி. முன்பக்கம் நாதஸ்வரம், சந்தனம், கல்கண்டு, ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள். பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு கார். டிக்கி திறந்திருக்கிறது. சுற்றி எட்டுப் பேர்.

பெண்ணின் தாய்மாமன் எதேச்சையாக அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"ஏலே, என்னல இங்க கூட்டம்?"

"ஒண்ணுமில்ல மாமா... ஸ்டெப்னி மாட்டுதோம்!"

"ஸ்டெப்னி மாட்ட எட்டுப் பேரா? அதுவும் மிக்ஸர் பொட்டலத்தோட?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். 'கல்யாண வீடுன்னா நாலும் இருக்கத்தான் செய்யும்' என்ற நினைப்பு.

அந்தச் சிரிப்பு ராத்திரி பதினொன்றரை மணியோடு நின்றது. பரோட்டா வாங்கப் பைக்கில் போன மாப்பிள்ளையின் சிநேகிதன், ராஜபாளையம் ரோட்டில் விளக்கில்லாமல் நின்ற டிராக்டரில் மோதினான். மறுநாள் காலையில் மேளம் கொட்டித் தாலி கட்டும்போது, மாப்பிள்ளை வீட்டு ஆண்களில் பாதிப் பேர் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார்கள். பையன் பிழைத்தான். வலது கால் பிழைக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் நடந்த கல்யாணம் இது. அந்தத் தம்பதி இன்றுவரை கல்யாண நாள் கொண்டாடுவதில்லை.

ஆடித்தபசும் புற்றுமண்ணும் விசைத்தறிச் சேலையும் பிரியாணியும்தான் சங்கரன்கோவிலுக்குப் பெயர் வாங்கித் தந்தவை. விருந்து வைப்பதில் இந்த ஊர்க்காரர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் காதுகுத்து, கெடாவெட்டு, நிச்சயதார்த்தம் எதுவானாலும் 'தனிக் கவனிப்பு' என்று ஒன்று இப்போது கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. இங்கே மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான்.

2023 ஏப்ரலில், சிறப்பு அனுமதி பெற்றால் கல்யாண மண்டபங்களிலும் மது பரிமாறலாம் என்று அரசு அறிவிப்பு ஒன்று வெளியானது ஞாபகமிருக்கும். நாலா பக்கமும் எதிர்ப்பு கிளம்பவே, மண்டபங்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு பின்வாங்கியது. சட்டம் மண்டபத்தின் முன்வாசலைச் சாத்திவிட்டது சரி. கார் டிக்கியை யார் சாத்துவது?

ஒரு கட்டிங் கணக்கு

"ஒரு கட்டிங்தானே மாப்ளே, இதுல என்ன ஆகப்போகுது?"

என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம். பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் நம்மூர் பாட்டிலில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். 30 மில்லியில் சுமார் 10 கிராம் இருக்கும். குவாட்டர் என்பது 180 மில்லி, அதாவது 60 கிராம். அதில் பாதிதான் கட்டிங்.

நம் ஈரல் கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி. எத்தனை ஃபைல் வந்தாலும் அதன் வேகம்தான் அதற்கு. மணிக்குச் சுமார் 10 கிராம், சிலருக்கு அதுவும் குறைவு. அப்படியானால் குவாட்டர் இறங்க ஆறு மணி நேரமாவது வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடித்தவர், ஆறு மணி முகூர்த்தத்துக்குப் பெண் அழைக்கக் கார் எடுக்கும்போதும் முழுசாகத் தெளிந்திருக்க மாட்டார்!

மோர், எலுமிச்சம்பழம், கட்டன் காபி, தலையோடு தண்ணீர்... எதுவும் ஈரலின் வேகத்தைக் கூட்டாது. தூங்கி விழுகிறவரை முழித்திருக்க வைக்கலாம். அவ்வளவுதான்.

"நான் பீர்தான் சார்" என்பவர்களுக்கும் ஒரு சேதி. 8 சதவிகித ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டிலில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கட்டிங்கைவிட அதிகம்!

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது சட்டம். பலருக்கு ஒரு கட்டிங்கே அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே. மொய் எழுதியதைவிட அபராதம் பெரிசு!

விருந்து வைப்பவர் கவனத்துக்கு...

* ஊற்றாமல் இருப்பதுதான் உத்தமம். உடம்புக்குத் தீங்கில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. "தண்ணி வாங்கித் தரலேன்னு சொந்தக்காரன் கோவிச்சுக்கிடுவான்" என்கிறீர்களா? கோபம் மூன்று நாளில் ஆறும். கால் முளைக்காது.

* மீறி நடக்கிறதென்றால் முதலில் எல்லா வண்டிச் சாவியும் ஒரு கைக்கு வரட்டும். அந்தக் கை ஒரு சொட்டும் தொடாத கையாக இருக்கட்டும். கோபித்துக் கத்தினாலும் சாவியை விடியும் வரை திருப்பித் தராத ஆள் நல்லது. எங்கள் வீடுகளில் இப்போது அந்த வேலை ஒரு பெரியம்மாவிடம். "சாவி குடுங்க பெரியம்ம" என்று கேட்க ஒருத்தனுக்கும் தைரியம் வரவில்லை!

* சாப்பாடு முதலில். வெறும் வயிற்றில் போதை சீக்கிரம் ஏறும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

* 21 வயது ஆகாதவர்களுக்குச் சட்டப்படியே அனுமதி இல்லை. "இன்னிக்கு ஒரு நாள் குடில" என்று தம்பிகளை இழுக்கும் அண்ணன்மார்கள் கவனிக்க!

* எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கு வேண்டவே வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

* மட்டையானவரைத் தனியே விடாதீர்கள். மல்லாக்கப் படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிடுகிறது என்றால் '108'-க்குப் போன் செய்யுங்கள்.

வேண்டாம் என்பவரை விடுங்கள்

நம்மூர் விருந்தில் பெரிய கொடுமை வற்புறுத்தல்தான். "நீ குடிக்கலேன்னா நம்ம சிநேகிதமே பொய்யில!" சாம்பார் வேண்டாமென்று இலையில் கையை நீட்டி மறைத்தால் விட்டுவிடுகிறோம். டம்ளரை மறைத்தால் மட்டும் விடுவதில்லை. அவர் மாத்திரை சாப்பிடுபவராக இருக்கலாம். கஷ்டப்பட்டுக் குடியை விட்டவராக இருக்கலாம். உங்களுடைய ஒரு வார்த்தை, அவர் வீட்டில் பல வருஷத்து நிம்மதியைக் கலைத்துவிடும்.

கால் போன அந்தப் பையன் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான். யார் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் கட்டைக்காலோடு வந்துவிடுவான். பந்தியில் முதல் ஆளாக உட்காருவான். சாப்பிட்டு முடித்ததும் நேராக மண்டபத்தின் பின்பக்கம் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டான்.

அன்றைக்கு எந்தக் கார் டிக்கியும் திறப்பதில்லை.