மரக்கப்பல் மாதிரி: தொடங்கும் இளைஞருக்குச் சில குறிப்புகள்

2025ஆம் ஆண்டு மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட ‘கௌண்டின்யா’ என்னும் பாய்க்கப்பலின் பலகைகள் கயிற்றால் தைத்து இணைக்கப்பட்டவை. பண்டைய இந்தியக் கப்பல்களின் வரைபடங்கள் நமக்குக் கிட்டாத நிலையில், அஜந்தா குகையிலுள்ள ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு அதன் வடிவம் உருவாக்கப்பட்டது. பாபு சங்கரன் என்னும் தலைமைத் தச்சரின் பொறுப்பில் கேரளத் தச்சர்கள் அதனைக் கட்டினர். நீரில் அதன் நடத்தை எவ்வாறிருக்கும் என்பதை அறிய, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல் பொறியியல் துறையின் துணையுடன் சிறு மாதிரியைக் கொண்டு சோதனைகள் நடத்தப்பட்டன. கப்பல் மாதிரி என்பது கண்ணாடிப் பேழையில் வைக்கும் அலங்காரப் பொருள் மட்டுமே என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். மரபு வழியில் கப்பல் கட்டும் தச்சரின் திட்டம் பெரும்பாலும் அவர் மனத்திலேயே உள்ளது. அம்மனத்தில் உள்ளதை அளவெடுத்துக் காகிதத்திலும் மரத்திலும் பதிக்கும் முயற்சி, பொழுதுபோக்காகத் தொடங்கினாலும் பொழுதுபோக்காகவே முடிவதில்லை.

இக்கலையில் புகும் இளைஞர் முதலில் தவறுவது கருவியிலோ பசையிலோ அன்று, கப்பலைத் தேர்ந்தெடுப்பதில்தான். மூன்று பாய்மரங்களும் நூறு பீரங்கிகளும் கொண்ட ஐரோப்பியப் போர்க்கப்பலின் படம் எவரையும் கவரும். வெளிநாட்டுத் தொகுப்பு ஒன்றை வரவழைத்து, விலாச்சட்டங்களை ஒட்டியதோடு நிறுத்திவிட்டு, பெட்டியைப் பரண்மேல் ஏற்றிய இளைஞர்களை நான் அறிவேன். பொருளியல் பயின்றவன் என்ற முறையில் இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நமது சுங்கத் தீர்வை அட்டவணையில் சிறு அளவு மாதிரிகள் விளையாட்டுப் பொருள்களின் தலைப்பிலேயே அடங்கும். விளையாட்டுப் பொருள்களுக்கான அடிப்படைத் தீர்வை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கும் நோக்கில் இது சரியான நடவடிக்கையே. ஆயினும் மரக்கப்பல் தொகுப்புகள் உள்நாட்டுக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லையாதலால், இச்சுமை முழுவதும் மாணவரின் தலையில்தான் விழுகிறது. எனவே தொகுப்பை மறந்துவிட்டு, தம்மால் நேரில் சென்று தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு நாட்டுப் படகிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. ஒரு துடுப்புப் படகோ, ஒற்றைப் பாய்மரத் தோணியோ முதல் முயற்சிக்குப் போதும்.

அளவும் எடையும்

அளவு விகிதத்தைப் பலர் மேலோட்டமாகவே புரிந்துகொள்கின்றனர். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலை 50இல் ஒரு பங்காகக் குறைத்தால் மாதிரியின் நீளம் 60 செ.மீ. ஆகும். 5 செ.மீ. தடிப்புள்ள பலகை 1 மி.மீ. ஆகிவிடும். ஆனால் எடை 50இல் ஒரு பங்காகக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் தனித்தனியே குறைவதால், அது 1,25,000இல் ஒரு பங்காகிறது. 200 டன் எடையுள்ள கப்பலின் மாதிரி நீரில் அதே அளவு அமிழ வேண்டுமானால் அதன் எடை 1.6 கிலோ இருக்க வேண்டும். மிதக்கவிட விரும்புவோர் அடியில் ஈயம் வைத்து இக்கணக்கைச் சரிசெய்வர்.

மரத்தைப் பொறுத்தவரை, உண்மைக் கப்பல் தேக்கினால் ஆனது என்பதற்காக மாதிரியையும் தேக்கினால் செய்யவேண்டும் என்பதில்லை. கப்பல் குறுகும்போது மரத்தின் இழை குறுகுவதில்லை. தேக்கின் தடித்த இழை 1 மி.மீ. பலகையில் கண்ணை உறுத்தும். மெல்லிய பட்டை எளிதில் பிளக்கவும் செய்யும். இழை நெருங்கிய மஞ்சள் கடம்பு மிகவும் ஏற்றது. சென்னபட்டணத்துப் பொம்மைத் தொழிலாளர் கடைசல் செய்யும் வெட்பாலை மரமும் நன்று. ஆணிகளுக்குப் பதிலாக மூங்கில் சிம்புகள் போதும். எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரமரத்தில் செய்த படகு அடுத்த கோடையில் வாய் பிளக்கும்.

கருவிகளைப் பற்றி அதிகம் கூறுவதற்கில்லை. மெல்லிய பல் கொண்ட சிறு ரம்பம், கூரிய கத்தி, அரம், கைத்துளைப்பான், மூன்று நான்கு தர உப்புத்தாள், ஃபெவிகால், துணி உலர்த்தும் கிளிப்புகள் ஆகியவை போதுமானவை.

பலகை பொருத்துதல்

உடற்பகுதியைச் செய்ய எளிய வழி அடுக்கு முறை. வரைபடத்தின் கிடைவெட்டுக் கோடுகளுக்கு ஏற்பப் பலகைகளை அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, படிகளைச் செதுக்கி வழவழப்பாக்குவது அது. வளைவு என்பதைக் கைக்குக் கற்பிக்க இதனினும் சிறந்த பாடம் இல்லை. அடுத்த நிலையில்தான் ஏரா எனப்படும் அடிமரத்தை நிறுத்தி, வங்குகள் எனப்படும் விலாச்சட்டங்களைப் பொருத்தி, அவற்றின்மேல் பட்டைகளை ஒட்டும் முறைக்கு வரவேண்டும்.

இங்குதான் பெரும்பாலோர் மனம் தளர்கின்றனர். காரணம் எளியது. படகின் நடுவில், மேல் விளிம்பிலிருந்து ஏரா வரை நூல் பிடித்து அளந்தால் 12 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். 6 மி.மீ. அகலமுள்ள 20 பட்டைகள் அங்கு வேண்டும். அணியத்தில், அதாவது முன்முனையில், அதே நூல் 7 செ.மீ. மட்டுமே காட்டக்கூடும். அதே 20 பட்டைகள் அங்கும் அடங்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் 3.5 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். இதை அறியாதவர் பட்டைகளை முழு அகலத்துடனேயே பக்கவாட்டில் வலிந்து வளைக்கிறார். பட்டையோ விளிம்பு தூக்கி எழுந்து நிற்கிறது. அவர் தமது கையையும் பசையையும் நொந்துகொள்கிறார். உண்மையில் பிழை கணக்கில்தான். ஒவ்வொரு வங்கிலும் நூல் பிடித்து அளந்து, இருபதாகப் பகுத்துப் புள்ளியிட்டு, அதற்கேற்பப் பட்டையைச் சீவிய பின்னரே வெந்நீரில் ஊறவைத்து வளைத்தல் வேண்டும். இடப்புறம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்புறம் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தையே முடித்துச் சென்றால் ஏரா முறுக்கிக்கொள்ளும். பின்னர் அதனை நிமிர்த்த வழியில்லை.

எங்கே கற்பது?

தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் கப்பல் மாதிரி அமைத்தல் பயிற்சியின் ஒரு பகுதி. அகில இந்திய நௌ சைனிக் முகாமில் இதற்குப் போட்டியும் உண்டு. பள்ளி, கல்லூரி மாணவருக்கு இதைவிடச் சிக்கனமான நுழைவாயில் இல்லை. அங்கு நவீனப் போர்க்கப்பல்களே அதிகம் இடம்பெறுகின்றன. நாட்டு மரக்கலங்களுக்கும் ஒரு பிரிவு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. தேர்ச்சி பெற்ற பின் பெரிய பணியை நாடுவோருக்கு, பம்பாய்க் கப்பல்தளத்தில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய ‘டிரிங்கோமலி’ தகுதியான இலக்கு. அக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது.

ஆனால் உண்மையான பள்ளிகள் கட்டுதளங்களே. கச்சுப் பகுதியின் மாண்டவியில் ருக்மாவதி ஆற்றங்கரையிலும், கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் சாலியாற்றின் முகத்துவாரத்திலும் மரக்கலம் கட்டும் மரபு நீண்ட காலமாக வேரூன்றியுள்ளது. பேப்பூரின் ‘உரு’க்கள் அரபு நாட்டு வணிகருக்காகக் கட்டப்பட்டவை. கலாசிகள் கயிற்றையும் கப்பியையும் கொண்டே அவற்றை ஆற்றில் இறக்குவர். எஃகுக் கப்பல் வந்தபின் சரக்குப் போக்குவரத்தில் மரக்கலத்தின் பங்கு குன்றியது. தச்சரின் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடுவதும் இயல்பே. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பேப்பூரில் உருவின் சிறு மாதிரிகளும் விற்பனைக்காகச் செய்யப்படுகின்றன. இவற்றை விலைக்கு வாங்குவதைவிட, செய்பவரின் அருகில் இரண்டு நாள் அமர்ந்திருப்பது மாணவருக்குப் பயன் தரும்.

அவ்வாறு செல்பவர் அளவு நாடா, கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம், பென்சில் ஆகியவற்றுடன் செல்லட்டும். தச்சரின் இசைவு பெற்று, அணியத்திலிருந்து பின்முனை வரை வங்கு வங்காக அகலத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பலகை இடுக்குகளைப் பஞ்சும் எண்ணெய்ப் பிசினும் கொண்டு அடைக்கும் கலப்பத்து வேலையையும் கவனிக்க வேண்டும். கேரளத் தச்சு மரபில் ஒரு கோல் என்பது 24 விரல். ஏறத்தாழ 72 செ.மீ. ஆகவே ஒரு விரல் 3 செ.மீ. தச்சர் கூறும் விரல் கணக்கை அப்படியே மில்லிமீட்டராக எழுதிக்கொண்டால் 30இல் ஒரு பங்கு அளவில் வரைபடம் தயாராகிவிடும். 9 மீட்டர்ப் படகு மேசைமேல் 30 செ.மீ. நீளத்தில் நிற்கும்.