நாய்க்குட்டி வளர்ப்பு: முதல் 21 நாளில் தேவை சூடு, சீம்பால், தராசு

தென்னந்தோப்புக்குக் காவலாகவும் ஆட்டுப்பட்டிக்குத் துணையாகவும் நாட்டு நாய் வளர்க்கும் ஆர்வம் தென்மாவட்டங்களில் மீண்டும் கூடி வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வட்டக்கோட்டை, அஞ்சுகிராமம் சுற்றுவட்டாரத்திலும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வீட்டிலேயே வைத்துக் குட்டி எடுக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். விவசாயத்தோடு சேர்த்துச் செய்ய ஏற்ற உபதொழில் இது. ஆனால் "எட்டு குட்டி போட்டது, நாலுதான் தேறியது" என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கிறோம். மீதி நான்கும் ஏன் செத்தன என்று கேட்டால், "ஏதோ நோய்" என்று முடித்துவிடுவார்கள்.

பிறக்கும் குட்டிகளில் பத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை பால்குடி மறக்கும் முன்பே இறந்துவிடுகின்றன என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் பெரும்பகுதி முதல் வாரத்தில் நடக்கிறது. குளிர், பசி, தாயின் உடம்புக்கடியில் நசுங்குதல் ஆகியவையே இதில் முக்கியக் காரணங்கள். நோய்க்கிருமியும் பெரும்பாலும் குளிரிலும் பசியிலும் வாடிய குட்டியைத்தான் எளிதில் பிடிக்கிறது. இவற்றைத் தடுக்கப் பெரிய செலவு இல்லை. நாற்றங்காலில் காட்டும் அக்கறையை முதல் 21 நாள் குட்டிகளிடமும் காட்டினால் போதும்.

நான் படித்தது உழவியல். எனவே மருந்து, அளவு போன்றவற்றை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பிரசவப் பெட்டி

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். இணை சேர்த்த தேதியைக் குறித்து வையுங்கள். 50-வது நாளிலேயே குட்டி போடும் இடத்தைத் தயார் செய்து, தாய் நாயை அங்கே படுக்கப் பழக்குங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த, மழைச்சாரல் படாத இடமாக அது இருக்கட்டும்.

நான்கு அடிக்கு நான்கு அடி பலகைப் பெட்டி ஒன்று போதும். வெறும் சிமென்ட் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பெட்டியின் உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில், சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, ஒரு பி.வி.சி. குழாயையோ மூங்கிலையோ சுற்றிலும் பொருத்துங்கள். தாய் சாய்ந்து படுக்கும்போது சுவரோரம் இருக்கும் குட்டி அந்தக் குழாய்க்கடியில் நசுங்காமல் தப்பிக்கும்.

அடியில் செய்தித்தாள், மேலே துவைத்த பருத்தித் துணி போதும். துணியில் நூல் பிரிந்து தொங்கினால் குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும், பார்த்துப் போடுங்கள். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறதே என்று தென்னை நார்த்தூளைப் பரப்ப வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். தூள் குட்டியின் மூக்கை அடைக்கும்.

நாள் நெருங்கியதும் தாயின் ஆசனவாயில் காலையும் மாலையும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 99 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி போடும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும், முதல் குட்டி வரும் முன்பே கரும்பச்சைத் திரவம் வடிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

குளிர்தான் முதல் எதிரி

பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன் கிடையாது. பிறந்ததும் அதன் உடல் வெப்பம் 35, 36 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். எனவே குட்டிகள் படுக்கும் இடத்தில் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி வெப்பம் தேவை. இரண்டாவது வாரத்திலிருந்து சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

"கன்னியாகுமரியில் ஏது குளிர்?" என்று நினைக்கலாம். சித்திரை வெயிலில் அது சரி. ஆனால் நாட்டு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டிப் பருவத்துக்கு வருகின்றன. குட்டிகள் ஐப்பசி முதல் தை வரையில் பிறக்கின்றன. வடகிழக்குப் பருவமழையும் கடல்காற்றும் சேரும் அந்த இரவுகளில், ஈரச்சாக்கின் மேல் கிடக்கும் குட்டி விடியும் முன்பே விறைத்துவிடும்.

பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே 40 அல்லது 60 வாட் குண்டு பல்பைத் தாய்க்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. பெட்டி முழுவதையும் சூடாக்க வேண்டாம். சூடு போதும் என்றால் குட்டிகள் தள்ளிப் படுக்க இடம் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கத்தினால் குளிர்கிறது என்று பொருள். ஆளுக்கொரு பக்கம் சிதறி மூச்சிரைத்தால் சூடு அதிகம். பக்கம்பக்கமாக அமைதியாகத் தூங்கினால் சரியாக இருக்கிறது.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, கெட்டித் துணியில் சுற்றி, குட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆறியதும் எடுத்துவிட வேண்டும். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டையே இழுத்துக்கொள்ளும்.

சீம்பாலும் தராசும்

கன்றுக்குச் சீம்பால் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாய்க்குட்டிக்கும் அப்படித்தான். தாயிடமிருந்து கிடைக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி சீம்பால் வழியேதான் வருகிறது. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் குட்டியின் குடல் அவற்றை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். ஆகவே முதல் 12 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் வயிறு நிறையக் குடித்ததா என்று பாருங்கள். வலுவான குட்டிகள் பால் அதிகமுள்ள பின்காம்புகளைப் பிடித்துக்கொள்ளும். மெலிந்த குட்டியை நீங்களே அங்கே எடுத்து வையுங்கள்.

குட்டி பால் குடிக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். குட்டிகளின் கழுத்தில் வெவ்வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளம் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். குட்டி வளர வளர நூலை மாற்றவும் மறக்காதீர்கள்.

முதல் நாள் எடை சற்றுக் குறையலாம். ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. அதன்பின் நாள்தோறும் பிறந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கூட வேண்டும். 400 கிராமில் பிறந்த குட்டி, 10 நாளில் 800 கிராமை எட்ட வேண்டும். ஒரு நாள் எடை ஏறாவிட்டால் கவனியுங்கள். இரண்டாவது நாளும் ஏறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டி சோர்ந்து விழுவதற்கு ஒரு நாள் முன்பே தராசு சொல்லிவிடும். அந்த ஒரு நாள்தான் குட்டியைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம்.

தாய்ப்பால் போதாதபோது

பசும்பால் நாய்க்குட்டிக்குப் போதாது. பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். நாயின் பாலில் அது 7 சதவீதத்துக்கும் மேல். கொழுப்பும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாய்க்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. குட்டி போடும் முன்பே ஒரு டப்பா வாங்கி வைத்திருங்கள். முதல் வாரம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, குளிர்ந்து விறைத்த குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள். உடம்பு குளிர்ந்தால் குடல் இயங்காது. ஊட்டிய பால் செரிக்காமல் நின்றுவிடும் அல்லது நுரையீரலுக்குள் போய்விடும். உங்கள் உடம்போடு அணைத்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற்றிய பிறகே பால் கொடுங்கள். இரண்டாவது, கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்து ஊட்டாதீர்கள். தாயிடம் குடிப்பதுபோல் குப்புறப் படுத்த நிலையில், தலை சற்று உயர்ந்திருக்க, தானாகச் சப்பிக் குடிக்கவிடுங்கள்.

தாய் நக்கிவிடாத குட்டிகளுக்குச் சிறுநீரும் மலமும் தானாக வராது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் தடவிவிட வேண்டும். ஏறத்தாழ மூன்று வாரம் வரை இது தேவை.

தாயையும் பாருங்கள்

பாலூட்டும் நாய்க்கு வழக்கத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு உணவு வேண்டும். வெறும் சோறும் குழம்பும் போதாது. முட்டை, முள் நீக்கி வேகவைத்த மீன், கோழிக்கறி, பருப்பு இவற்றில் முடிந்ததைத் தினமும் சேருங்கள். எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

கறவை மாட்டுக்கு வரும் பால் காய்ச்சல் நாய்க்கும் வரும். குட்டி போட்ட இரண்டாவது வாரம் முதல் நான்காவது வாரத்துக்குள் தாய் இருப்புக்கொள்ளாமல் மூச்சிரைத்து, நடுங்கி, கால் விறைத்து நடந்தால், குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். "சினையில் சுண்ணாம்புச் சத்து கொடுத்தால் நல்லது" என்று டானிக் ஊற்றுவது இந்த ஆபத்தைக் கூட்டும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். மடி சிவந்து, கல்போல் இறுகி, சூடாக இருந்தாலும், பிறப்புறுப்பிலிருந்து துர்நாற்றத்தோடு வடிந்தாலும் அன்றே காட்டுங்கள்.

உண்ணி மருந்தும் குடற்புழுவும்

மாட்டுக்கு உண்ணி போகக் கலக்கித் தெளிக்கும் மருந்தைப் பாலூட்டும் தாய் மேலோ குட்டிகள் மேலோ தெளிக்காதீர்கள். தோல் வழியே உள்ளே போகும். தாய் நக்குவதாலும் போகும். குட்டிகளின் மேல் உள்ள உண்ணியைக் கையால் பிடுங்கி எடுங்கள். தெள்ளுப்பூச்சியைப் பல் நெருக்கமான சீப்பால் வாரி எடுங்கள். துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது. பால் வழியாகவும் வருகிறது. எனவே இரண்டாவது வாரத்தில் தொடங்கி, எட்டாவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும், தாய்க்கும் சேர்த்து. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்வார்; உங்கள் நோட்டு அவருக்கு உதவும். இந்தப் புழு மனிதர்களையும் தாக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தாமதிக்காதீர்கள்.

21 நாளுக்குப் பிறகு

கண் 10 முதல் 14 நாளில் திறக்கும். அடுத்த சில நாளில் காது திறக்கும். வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு. நான்காவது வாரத்தில் தூங்கும் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். பலமுறை தட்டியும் எழாத குட்டியைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேளாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

நான்காவது வாரத்தில் கூழ் பதத்தில் உணவைத் தொடங்கலாம். கேழ்வரகுக் கஞ்சி மட்டும், மரச்சீனிக் கிழங்கு மட்டும் என்று மாவுச்சத்தாகவே கொடுத்தால் வயிறு உப்பும், உடம்பு தேறாது. வேகவைத்த முட்டையோ மீனோ மசித்துச் சேருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான முதல் தடுப்பூசி. அதன்பின் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று என நான்கு மாதம் வரை. மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே குட்டி பார்க்க வருகிறவர்களின் செருப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

விற்பனைக்கு முன் இரண்டு செய்தி

மத்திய அரசின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் 2017-ன்படி, நாய் இனப்பெருக்கம் செய்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்று, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது. 30 நாளில் விற்றால் உங்களுக்குத் தீவனச் செலவு மிச்சம்தான். ஆனால் கடியின் அளவைக் குட்டி கற்றுக்கொள்வது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் விளையாடும் அந்த வாரங்களில்தான். சீக்கிரம் பிரித்த குட்டி, வாங்கியவர் வீட்டில் பிள்ளைகளைக் கடிக்கும் நாயாக வளரலாம்.

இன்னொன்று மனதுக்குக் கஷ்டமானது. "ஆண் குட்டி ரெண்டு போதும்" என்று பெட்டைக் குட்டிகளையும் நிறம் மாறிய குட்டிகளையும் கழித்துவிடும் வழக்கம் நாட்டு நாய் வளர்ப்பில் இருந்து வந்திருக்கிறது. 2005-ல் ராஜபாளையம் நாய் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. 2020-ல் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தில் தனி இனங்களாகப் பதிவாகின. பெயர் பதிவானால் மட்டும் இனம் பிழைக்காது. பெட்டைக் குட்டியைக் கழித்தால் அடுத்த தலைமுறையின் தாயைக் கழிக்கிறோம். எஞ்சிய சில நாய்களையே திரும்பத் திரும்ப இணை சேர்க்கும்போது, உறவுக்குள் கலப்பு கூடி, குறைபாடுள்ள குட்டிகளும் கூடுகின்றன. விற்க விருப்பமில்லாத குட்டியைத் தெரிந்த தோப்புக்காரருக்குச் சும்மா கொடுங்கள். கருத்தடை செய்து வீட்டுக் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஈற்றுக்கு முன் இந்த வாரமே மூன்று பொருள்களை வாங்கி வையுங்கள்: ஒரு தராசு, ஒரு குண்டு பல்பு, ஒரு நோட்டு. மூன்றும் சேர்ந்தாலும், நீங்கள் இழக்கும் ஒரு குட்டியின் விலை வராது.