மண்ணைச் சலித்து அப்பாவைத் தேடுவது

வெம்பக்கோட்டை அகழாய்வுக் குழிகளைப் பார்த்தவர்களுக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்கும். சதுரம் சதுரமாகக் கயிறு கட்டி, மண்ணைச் செதுக்கி, சல்லடையில் சலித்து, எது எங்கே எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிவைப்பார்கள். போரில் விழுந்த விமானத்தைத் தோண்டுவதும் இப்படித்தான். பாசிமணிக்குப் பதில் பல்லைத் தேடுவார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் ஜப்பான் பர்மா சாலையை மறித்ததும், நேச நாடுகள் அசாமிலிருந்து இமயமலைக்கு மேலாகச் சீனாவுக்கு விமானத்தில் சரக்கு அனுப்பின. அந்தத் தடத்தில் ஏறத்தாழ 600 விமானங்கள் விழுந்தன. 1945 ஜனவரியில் சீனாவின் குன்மிங்கிலிருந்து கிளம்பிய சி-46 சரக்கு விமானம் ஒன்று 13 பேரோடு மறைந்தது. அதில் போன ஒருவரின் மகன் அப்போது கைக்குழந்தை. முதுமையில் அவர் கேட்டுக்கொள்ள, கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்க மலையேறி லிசு பழங்குடி வழிகாட்டிகளோடு அருணாசலப் பிரதேசத்தில் தேடினார். முன்பு ஒரு தேடலில் பனிப்புயலில் சிக்கி வழிகாட்டிகள் மூவர் இறந்தார்கள். செய்திகளில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு வரிதான். 2021 டிசம்பரில் மலை உச்சியில் விமானம் அகப்பட்டது. வால் எண் பொருந்தியது. உடல்கள் தென்படவில்லை.

வால் எரிந்துபோனாலும் என்ஜினிலும் துப்பாக்கியிலும் பொறித்த எண்கள் துப்புக் கொடுக்கும். விமானம் எது என்று தெரிந்தால், யார் யார் போனார்கள் என்பதும் பழைய ராணுவக் கோப்பில் இருக்கும்.

மண்ணின் குணமும் முக்கியம். மழைக்காட்டின் அமில மண் எலும்பைக் கரைத்துவிடும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சுண்ணாம்புச் சுக்கான் கலந்த கரிசலில் எலும்பு அதைவிட நீடிக்கும். ஆனால் கோடையில் கரிசல் வெடிக்கும்போது மேலே கிடந்தது பிளவுக்குள் விழுந்து ஆழக் கணக்கைக் குழப்பும்.

அருணாசலத்தில் 1944 ஜனவரியில் விழுந்த ஒரு பி-24 குண்டுவீச்சு விமானத்தின் இடத்தை அமெரிக்கக் குழு 2015இல் தோண்டியது. அங்கே கிடைத்த எச்சங்களிலிருந்து ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற வீரரை 2017இல் அடையாளம் கண்டார்கள்.

எலும்புத் துண்டு யாருடையது என்பதை டிஎன்ஏ சொல்லும். பழைய எலும்பில் பெரும்பாலும் தப்பிப் பிழைப்பது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ; ஒரு செல்லில் அதற்கு நூற்றுக்கணக்கில் பிரதிகள் உண்டு. ஆனால் அது தாய்வழியாக மட்டுமே இறங்கும். அப்பாவைத் தேடும் மகனிடம் இருப்பது அம்மாவினுடையது. அப்பாவுடையது அவரிடம் இல்லை. அப்பாவின் உடன்பிறந்தவர்களிடம் இருக்கும், அத்தை பெற்ற மகனிடமும் மகளிடமும் இருக்கும். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கு வராது. ஆகவே மகன் எவ்வளவு ஆசைப்பட்டுக் காத்திருந்தாலும், கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி மாதிரி எடுக்க அத்தை வீட்டுக்கும் ஆள் போயாக வேண்டும்.